ஊத்தங்கரைப் பக்கம் ஓடாத வண்டி

அத்தை எங்கள் வீட்டுக்கு வந்து தங்கிய கோடையில்தான் எங்கள் கார் சூடாக ஆரம்பித்தது. இரண்டுக்கும் ஏதோ சம்பந்தம் இருக்கிறது என்றார் பெரியப்பா. அப்படியெல்லாம் ஒன்றும் கிடையாது என்றார் மெக்கானிக். எனக்கு ஒன்பது வயது. இரண்டு பேருமே பெரியவர்கள் என்பதால் இரண்டு பேர் சொல்வதும் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பி, நடுவில் மாட்டிக்கொண்டு குழம்பினேன்.

அப்போது நாங்கள் திருவண்ணாமலையில் வேங்கிக்கால் பக்கம் புதிதாக வீடு கட்டிக் குடிவந்திருந்தோம். அப்பா கலெக்டர் ஆபீஸில் வேலை பார்த்தார். வீடு கட்டி முடித்த கையோடு, யாரோ ஓட்டி அலுத்துப்போன ஒரு சின்ன வெள்ளைக் காரை வாங்கினார். ஞாயிற்றுக்கிழமைகளில் அதைக் குளிப்பாட்டுவதற்கு அவர் எடுத்துக்கொண்ட நேரம் என்னைக் குளிப்பாட்டியபோது எடுத்துக்கொண்டதில்லை என்று அம்மா சொல்வாள். அம்மாவுக்குக் காரைப் பற்றி ஒன்றும் தெரியாது. கதவை எந்தப் பக்கம் திருப்பித் திறப்பது என்பதிலேயே அவளுக்கு ஒவ்வொரு முறையும் சந்தேகம் வரும். அப்படித்தான் நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

அத்தை அப்பாவின் தங்கை. ஊத்தங்கரையில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். பங்குனி மாதம் ஒரு மத்தியானம், கையில் ஒரு துணிப்பையோடு தனியாக பஸ்ஸில் வந்து இறங்கினாள். அந்த வெயிலிலும் முழங்கை தாண்டி மணிக்கட்டு வரைக்கும் கை வைத்த ரவிக்கை போட்டிருந்தாள். எங்கள் வீட்டில் இருந்த நாளெல்லாம் அப்படித்தான் போட்டாள். வேர்க்குரு என்று சொன்னாள். வேர்க்குரு வந்தால் எனக்கு அம்மா சட்டையைக் கழற்றி பவுடர் போட்டுவிடுவாள். அத்தை மட்டும் ஏன் வேர்க்குருவை மூடி வைக்கிறாள் என்று கேட்டதற்கு, "பெரியவங்க வேர்க்குரு வேற" என்று அம்மா சொல்லிவிட்டாள்.

அம்மாவுக்கும் அத்தைக்கும் ஒத்துப்போகாது என்பது எங்கள் தெருவுக்கே தெரியும். அத்தை வைத்த ரசத்தை அம்மா பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லிச் சிரித்ததை நானே கேட்டிருக்கிறேன். ஒரு நாள் துணி காயப்போடுகிற கயிற்றுக்காக இருவரும் சண்டை போட்டு இரண்டு வேளை பேசாமல் இருந்தார்கள். அதனால், நாத்தனார் எப்போது கிளம்புவாள் என்று அம்மா காத்துக்கொண்டிருக்கிறாள் என்றே நானும் எண்ணினேன்.

அத்தையைக் கொண்டுபோய் விடவேண்டும் என்று முடிவு செய்தவர் பெரியப்பா. அப்பாவுக்கு அண்ணன். அடி அண்ணாமலையில் எங்கள் பூர்வீக நிலத்தில் கனகாம்பரமும் சாமந்தியும் போட்டிருந்தார். தாத்தா சீக்கிரமே இறந்துவிட்டதால், அப்பாவைப் படிக்க வைத்ததும் அத்தைக்குக் கல்யாணம் செய்து வைத்ததும் அவர்தான். அவர் சொல்லி அப்பா மறுத்து நான் பார்த்ததில்லை. கெட்டவர் இல்லை. வரும்போதெல்லாம் அத்தைக்கென்று தனியாக ஒரு பொட்டலம் பூ கொண்டுவருவார். ஆனால் அவருக்குக் கல்யாண வயதில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். வாழப் போன தங்கை பிறந்த வீட்டில் உட்கார்ந்திருக்கிறாள் என்ற பேச்சு அடி அண்ணாமலையைச் சுற்றி வந்து அவர் காதிலேயே விழுந்திருந்தது.

"புருஷன் பொண்டாட்டின்னா நாலு வார்த்தை இருக்கத்தான் செய்யும். அவங்களே போன் பண்ணிட்டாங்க. அனுப்பி வைங்க, இனிமே ஒண்ணும் நடக்காதுன்றாங்க. நாமளும் எத்தினி நாளைக்கு வெச்சிக்கிறது?" என்றார் அப்பாவிடம்.

அப்பா தலையாட்டினார். அம்மா கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். பெரியப்பாவுக்கு எதிரே நின்று அம்மா பேசமாட்டாள். சொல்ல வேண்டியதை அப்பாவிடம் சொல்ல, அப்பா அதில் பாதியை அண்ணனிடம் சொல்வார். அன்றைக்கு அந்தப் பாதியும் போகவில்லை.

முதல் முறை கிளம்பியபோது எனக்குப் பள்ளிக்கூடம் விட்டிருந்தார்கள். கத்திரி வெயில். அப்பா ஓட்ட, பக்கத்தில் பெரியப்பா. பின்னால் நாங்கள் மூவர். செங்கம் வரைக்கும் வண்டி நன்றாகத்தான் போயிற்று. செங்கம் தாண்டியதும் ரோட்டை அகலப்படுத்துகிற வேலை நடந்துகொண்டிருந்தது. ஒரு பக்கத்தை வெட்டிப் போட்டு, மறுபக்கத்தில் மாற்றி மாற்றி வண்டிகளை விட்டார்கள். லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டிருந்தோம். திடீரென்று இனிப்பும் இரும்பும் கலந்த ஒரு வாசனை வந்தது. முன்னால் இருந்து புகை கிளம்பியது. நான் தீப்பிடித்துவிட்டது என்று அழ ஆரம்பித்தேன்.

அது புகையில்லை, ஆவி. அப்பா பானட்டைத் திறந்து ரேடியேட்டர் மூடியில் கை வைக்கப் போனார். பின்னால் நின்ற லாரி டிரைவர் இறங்கி ஓடிவந்து அவர் கையைப் பிடித்து இழுத்தார். "இன்னா சார், மூஞ்சிய வேக வெச்சிக்கப் போறீங்களா? ஆறட்டும், அப்புறமா தண்ணி ஊத்துங்க."

வண்டியை ஓரமாகத் தள்ளி ஒரு புளியமரத்தடியில் நிறுத்தினோம். பெரியப்பா துண்டை உதறி உதறிப் போட்டுக்கொண்டார். அப்பா தண்ணீர் தேடிப் போனார். அத்தை மட்டும் மரத்தடியில் உட்கார்ந்து, என் கையில் இருந்த கடலை மிட்டாய்ப் பொட்டலத்தை வாங்கி ஒன்றுவிடாமல் தின்றாள். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காதவள் அவள். வண்டி கெட்டுப்போனால் எல்லோருக்கும் கோபம் வரும், சிலருக்கு அழுகை வரும் என்பது எனக்குப் புரிந்தது. பசி வரும் என்பதுதான் புரியவில்லை.

ஆறவைத்து, தண்ணீர் ஊற்றி, நின்று நின்று வீடு வந்து சேர்ந்தோம். இப்படி வண்டியை வைத்துக்கொண்டு ஊத்தங்கரை வரை போக முடியாது என்று பெரியப்பாவே சொன்னார்.

மறுநாள் மெக்கானிக் வீட்டுக்கே வந்தார். குமரேசன் என்று பெயர். பைபாஸ் பக்கத்தில் செட் வைத்திருந்தார். சின்னப் பிள்ளை என்று ஒதுக்காமல் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்வார். இன்ஜின் சூட்டைத் தண்ணீர் வாங்கிக்கொண்டு முன்னால் வரும், முன்னால் இருக்கிற ஃபேன் காற்றடித்து அந்தத் தண்ணீரை ஆறவைக்கும், ஆறின தண்ணீர் மறுபடியும் உள்ளே போகும் என்று சொன்னார். வண்டி வேகமாக ஓடினால் எதிர்க்காற்றே போதும். ஊர்ந்து போனால்தான் ஃபேன் வேண்டும். எங்கள் வண்டியில் ஃபேன் சுற்றவில்லை.

அவர் ஸ்டீயரிங்குக்குக் கீழே குனிந்து ஒரு கறுப்பு மூடியைத் திறந்தார். உள்ளே சின்னச் சின்னதாய், கலர் கலராய், மிட்டாய்க்குக் கால் முளைத்தது போல வரிசையாக இருந்தன. ஒரு சிவப்பு மிட்டாயைப் பிடுங்கி வெளிச்சத்தில் காட்டினார். நடுவில் கருகியிருந்தது.

"ஃபியூஸ் போயிடுச்சு சார். அவ்ளோதான். வேற ஒண்ணும் இல்ல, புதுசு போட்டுட்றேன்."

அந்நேரம் அத்தை மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள். அம்மா அங்கேயே நின்றாள்.

"ஏம்ப்பா, அது ஒண்ணு இல்லன்னா மத்ததெல்லாம் ஓடுமா?" என்று கேட்டாள்.

"ஓடும்க்கா. லைட்டு, ஹாரன் எல்லாம் நல்லாத்தான் இருக்கும். ஃபேன் மட்டும் சுத்தாது. ஊருக்குள்ள போனா தெரியவே தெரியாது."

"சூடு ஜாஸ்தியானா எப்படித் தெரியும்?"

"இதோ இந்த முள்ளு இருக்குதே, இது பாதிக்கு மேல ஏறக் கூடாதுக்கா. ஏறினா உடனே நிறுத்திடணும். நிறுத்திட்டா இன்ஜினுக்கு ஒண்ணும் ஆகாது."

அப்பா சிரித்தார். "டிரைவிங் கத்துக்கப் போறியா?" என்று கேட்டார். அம்மாவும் சிரித்துவிட்டு மோர் தம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அடுத்த நல்ல நாளைப் பெரியப்பா பார்த்துச் சொன்னார். கிளம்புகிற அன்று காலை நான் பல் தேய்த்தபடி வாசலுக்கு வந்தபோது, அம்மா காரில் டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். அவளை அந்த இடத்தில் நான் அதுவரை பார்த்ததில்லை. என்னம்மா என்றேன். டாஷ்போர்டில் இருந்த பிள்ளையாருக்குப் பூ வைக்கிறேன் என்றாள். பிள்ளையார் மேலே இருந்தார். அம்மாவின் கை ஸ்டீயரிங்குக்குக் கீழே இருந்தது. பூ விழுந்துவிட்டது, தேடுகிறேன் என்றாள்.

அன்றும் செங்கம் வரை ஒன்றும் இல்லை. அதே ரோட்டு வேலை, அதே லாரி வரிசை. நான் ஜன்னலுக்கு வெளியே ஜே.சி.பி.யை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏங்க, அந்த முள்ளு மேல போகுது பாருங்க," என்றாள் அம்மா பின்சீட்டிலிருந்து.

அப்பா திடுக்கிட்டுப் பார்த்து வண்டியை ஓரம் கட்டினார். ஆவி வரவில்லை, ஆனால் வரப்போகிற நேரம்தான். பெரியப்பா திரும்பி அம்மாவைப் பார்த்தார். பிறகு முன்னால் திரும்பி ரோட்டைப் பார்த்தார். அதற்கு மேல் போக யாருக்கும் தைரியம் வரவில்லை. திரும்பும்போது ரோடு காலியாக இருந்ததால் வண்டி வேகமாகவே ஓடியது. முள்ளும் இறங்கிவிட்டது. வீட்டுக்கு வந்ததும், விபூதி கொட்டிவிட்டது என்று சொல்லி அம்மா காரின் உள்பக்கத்தை அவளே துடைத்தாள்.

குமரேசன் அண்ணன் வந்து பார்த்தார். ஃபேன் ஜம்மென்று சுற்றியது.

"நல்லாத்தான சார் சுத்துது," என்றார். சொல்லிவிட்டு வெகுநேரம் இன்ஜினையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் பெரிய வைத்தியம். முதலில் தெர்மோஸ்டாட் என்று ஒன்றைக் கழற்றினார். தண்ணீரை விடுவதா வேண்டாமா என்று தீர்மானிக்கிற கதவு அது என்றார். அதை வெந்நீரில் போட்டுப் பார்த்தார், ஒழுங்காகத் திறந்தது. அடுத்து ரேடியேட்டரைக் கழற்றி அலசினார். செம்மண் கலரில் தண்ணீர் வந்தது. இதுதான், பிடித்துவிட்டேன் என்றார். பிறகு அவருக்கே அது போதவில்லை. மூடியை மாற்றினார். பம்பைச் சந்தேகப்பட்டார். ஒவ்வொன்றும் செய்து முடித்ததும் அப்பா வண்டியை எடுத்துக்கொண்டு தேரடித் தெருக் கூட்டத்துக்குள் ஊர்ந்து காட்டினார். போளூர் வரை போய்வந்தார். ஏ.சி.யைப் போட்டு வீட்டு வாசலிலேயே வெயிலில் நிறுத்தி வைத்தார். முள் நன்றாகப் படிக்கிற பிள்ளை மாதிரி நடுவில் கை கட்டி உட்கார்ந்திருந்தது.

"எங்க போனாலும் சூடாகல. அந்த ரோட்டுல போனா மட்டும் சூடாகுது. எனக்கு ஒண்ணும் புரியல சார்," என்றார் குமரேசன் அண்ணன்.

புரியாதது அவருக்கு மட்டும் இல்லை. பெட்ரோலில் கலப்படம் என்றார் எதிர்வீட்டுக்காரர். பெரியப்பா எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றச் சொன்னார், ஏற்றினோம். வண்டி நிற்கிற திசை சரியில்லை என்று ஒருவர் சொல்ல, அப்பா அதைத் திருப்பி நிறுத்தினார். அம்மாவை யாராவது கேட்டால், "எனக்கென்னங்க தெரியும் அதப்பத்தி" என்பாள்.

எனக்கோ சூடு என்ற வார்த்தையே பெரிய பிரச்சினையாக இருந்தது. வண்டி சூடு. பெரியப்பா அப்பாவிடம் சூடாகப் பேசினார். எனக்குக் கண் எரிந்தால் உடம்புச் சூடு என்று தலையில் எண்ணெய் வைத்தார்கள். இதெல்லாம் ஒரே சூடா, வேறு வேறா? அப்போதுதான் ஒரு மத்தியானம், நான் ஹாலில் தூங்குவதாக நினைத்து, சமையல்கட்டில் அம்மா அப்பாவிடம் பேசியது காதில் விழுந்தது.

"சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கியிருக்கா. ஆனா இதுக்கு மேல நான் சொல்லாம இருக்கக் கூடாது. அவ கையில சூடு போட்டிருக்கானுங்க. ரெண்டு கையிலயும். அதான் அந்த ரவிக்கை."

அப்பா கையில் இருந்த தம்ளரைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "அண்ணன்கிட்ட இத எப்படிச் சொல்றது?" என்றார்.

"எப்படியாச்சும் சொல்லுங்க."

"நாள் குறிச்சிட்டாரு."

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அத்தையின் கையில் சூடு இருக்கிறது. யாரோ போட்டிருக்கிறார்கள். அத்தை வண்டியில் அதிக நேரம் உட்கார்ந்தால் அது வண்டிக்குப் போய்விடுகிறது. அதனால்தான் போளூருக்கு அப்பா மட்டும் போனபோது ஒன்றும் ஆகவில்லை. இவ்வளவு சுலபமான விஷயத்தை இத்தனை பெரியவர்கள் கண்டுபிடிக்காமல் இருக்கிறார்களே என்று ஆச்சரியமாக இருந்தது.

மூன்றாவது பயணத்துக்கு முந்தின நாள் குமரேசன் அண்ணன் கடைசியாக ஒருமுறை எல்லாவற்றையும் முறுக்கிப் பார்க்க வந்திருந்தார். அவரிடம் என் கண்டுபிடிப்பைச் சொன்னேன்.

"அண்ணா, வண்டியில ஒண்ணும் இல்ல. எங்க அத்தைக்குச் சூடு போட்டிருக்காங்க. ரெண்டு கையிலயும். அதான் வண்டிக்கு ஏறிடுது."

ஸ்பேனரைச் சுற்றிக்கொண்டிருந்த கை நின்றது. "யாரு சொன்னாங்க பாப்பா?"

"அம்மா அப்பாகிட்ட சொன்னாங்க."

அவர் எங்கள் வீட்டு வாசலைப் பார்த்தார். அத்தை படியில் உட்கார்ந்து, மணிக்கட்டு வரை மூடிய கைகளால் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"இத வேற யாருகிட்டயும் சொல்லாத," என்றார்.

என் கண்டுபிடிப்பை அவர் ஏற்றுக்கொண்டார், தன் பெயரில் சொல்லிக்கொள்ளப் போகிறார் என்று நினைத்தேன். பெருமையாகவும் கொஞ்சம் வருத்தமாகவும் இருந்தது.

மூன்றாம் முறை அப்பா குமரேசன் அண்ணனையும் கூட அழைத்துக்கொண்டார். எங்கே, எப்படிச் சூடாகிறது என்று கண்ணெதிரில் பார்த்துவிடட்டும் என்பது பெரியப்பாவின் யோசனை. பெரியப்பா விடியற்காலையிலேயே பஸ் ஏறி ஊத்தங்கரைக்கு முன்னால் போய்விட்டார். நாலு பெரிய மனிதர்களை வைத்துப் பேசி வைக்கிறேன், நீங்கள் பின்னால் வாருங்கள் என்று சொல்லியிருந்தார்.

அன்று அத்தை சமையல்கட்டில் அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, "நான் போனா இந்த வாட்டி அவ்ளோதான் அண்ணி" என்று சொன்னாள். மெதுவாக, ஊருக்குப் போனால் மழை வரும் என்று சொல்வதைப் போலச் சொன்னாள். அம்மா அவளுக்குத் தலை வாரிப் பின்னி, பூ வைத்துவிட்டாள்.

செங்கம் தாண்டி, லாரி வரிசைக்குள் நுழைந்தோம். அப்பாவின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. எங்கே வருகிறீர்கள், எங்கே வருகிறீர்கள் என்று பெரியப்பா. முள் ஏறியது. குமரேசன் அண்ணன் ஓரமாக நிறுத்தச் சொன்னார். இன்ஜினை நிறுத்தாமலே பானட்டைத் திறந்து பார்த்தார். நானும் இறங்கிப் போய் எட்டிப் பார்த்தேன். ஃபேன் சும்மா நின்றுகொண்டிருந்தது.

அவர் முகம் மாறியது. இன்ஜினை அணைத்துவிட்டு, அப்பாவிடம் தண்ணீர் கேனை எடுக்கச் சொன்னார். அப்பா டிக்கியைத் திறக்கப் போனதும், டிரைவர் கதவுப் பக்கம் வந்து குனிந்து கறுப்பு மூடியைத் திறந்தார். நான் மறுபடியும் உள்ளே ஏறி இரண்டு சீட்டுக்கும் நடுவே தலையை நீட்டியிருந்தேன். சிவப்பு மிட்டாய் இருக்க வேண்டிய இடம், பல் விழுந்த இடம் போல ஓட்டையாக இருந்தது.

"அண்ணா, அங்க ஒண்ணு இல்ல," என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் பார்த்தார். நானும் திரும்பினேன். அம்மா நேராக அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கை முந்தானை முடிச்சை இறுக்கிப் பிடித்திருந்தது. அத்தை கண்ணை மூடிக்கொண்டு அம்மாவின் தோளில் சாய்ந்திருந்தாள். அம்மாவை நான் அப்படிப் பார்த்ததில்லை என்பதால் எனக்குப் பயமாக இருந்தது.

"அது ஸ்பேர் எடம் பாப்பா. அங்க எதுவும் இருக்காது," என்றார் குமரேசன் அண்ணன். மூடியைச் சாத்தினார். எழுந்து, தண்ணீர் கேனோடு வந்த அப்பாவிடம் சத்தமாகச் சொன்னார். "சார், ஹெட் கேஸ்கெட் போயிடுச்சு. இதுக்கு மேல ஒரு அடி முன்னால போனா இன்ஜின் ஜாம் ஆயிடும்."

"நேத்து எல்லாம் சரியா இருக்குன்னு சொன்னியேப்பா?"

"இன்னிக்குப் போயிடுச்சு சார்."

போன் மறுபடியும் அடித்தது. பெரியப்பாவின் குரல் எங்களுக்கே கேட்டது.

"வண்டி போகாதுண்ணா," என்றார் அப்பா.

"சரி, வண்டி கெடக்குது. அங்கருந்து பஸ் வருதில்ல? அவள பஸ்ல ஏத்தி நீயும் கூட வா."

உண்மையில் அப்போதே ஒரு பஸ் வந்துகொண்டிருந்தது. நெற்றியில் ஊத்தங்கரை என்று எழுதியிருந்தது. லாரி வரிசையில் மாட்டி எங்கள் பக்கத்திலேயே வந்து நின்றது. படியில் நின்ற கண்டக்டர் எங்கள் வண்டியையும் எங்களையும் பார்த்து, "எங்க போகணும் சார்? ஊத்தங்கரையா? ஏறுங்க, எடம் இருக்குது" என்றார். அத்தை கண்ணைத் திறந்தாள். மெதுவாகப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கதவின் பிடியில் கை வைத்தாள். அம்மா அந்தக் கையின் மேல் தன் கையை வைத்து அழுத்தினாள்.

அப்பா பஸ்ஸைப் பார்த்தார். பிறகு அத்தையின் கையைப் பார்த்தார். போன் காதிலேயே இருந்தது.

"வண்டி போகாதுண்ணா," என்றார்.

"டேய், பஸ்ல ஏத்துடான்றேன்."

"வண்டி போகாதுண்ணா."

"பஸ் இல்லன்னா ஒரு ஆட்டோ பாரு. டாக்ஸி பாரு. இங்க நாலு பேர வரச் சொல்லியிருக்கேன்."

"வண்டி போகாதுண்ணா."

பெரியப்பா என்ன கேட்டாலும் அப்பா அதையே சொன்னார். குரலை உயர்த்தவில்லை. முகமெல்லாம் வேர்த்துக் கொட்டியது. வெயிலில் அப்பாவுக்குக் காது சரியாகக் கேட்கவில்லை போல என்று நினைத்தேன். பஸ் என்று கேட்டால் வண்டி என்று பதில் சொல்கிறாரே. "அப்பா, பெரியப்பா பஸ்ஸச் சொல்றாரு" என்று எடுத்துக் கொடுத்தேன். அப்பா என் தலையில் கை வைத்தார், சும்மா இரு என்பதைப் போல. லாரிகள் நகர்ந்தன. கண்டக்டர் உதட்டைப் பிதுக்கிவிட்டு விசில் அடித்தார். பஸ் போயிற்று.

வண்டி ஆறியதும் தண்ணீர் ஊற்றினார்கள். அப்பா கேனைக் கழுவப் போன நேரத்தில், அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு சிவப்பு மிட்டாயை எடுத்துக் குமரேசன் அண்ணனிடம் நீட்டினாள். அவர் வாங்கி மூடிக்குள் செருகினார். வீட்டில் கீழே கிடக்கிற பட்டன், ஊக்கு எல்லாவற்றையும் அம்மா பொறுக்கி முந்தானையில்தான் முடிந்து வைப்பாள். அப்படி எங்கோ கிடந்ததை எடுத்து வைத்திருந்தாள் போல என்று நினைத்துக்கொண்டேன்.

திரும்பி வரும்போது குமரேசன் அண்ணன் ஓட்டினார். வண்டி பூப்போல ஓடியது. முன்னால் ஃபேன் சுற்றுகிற சத்தம் கேட்டது. எனக்குப் பொறுக்கவில்லை.

"கேஸ்கெட் போயிடுச்சுன்னீங்களே, இப்ப எப்படிண்ணா ஓடுது?"

காருக்குள் நான்கு பெரியவர்கள் இருந்தார்கள். அம்மா முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டாள்.

"திருவண்ணாமலைப் பக்கம் ஓடும் பாப்பா," என்றார் அவர், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். "அந்தப் பக்கம்தான் ஓடாது."

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அத்தை சிரித்தாள் என்றுதான் முதலில் நினைத்தேன், அழுதுகொண்டிருந்தாள். அம்மா அவள் கையை விடவில்லை. கேஸ்கெட் போன வண்டி ஒரு திசையில் மட்டும் ஓடும் என்பதை நான் வெகுகாலம் நம்பினேன். பள்ளிக்கூடத்தில் சொல்லிச் சிரிப்பையும் வாங்கினேன்.

அத்தை அதற்குப் பிறகு ஊத்தங்கரைக்குப் போகவே இல்லை. கோர்ட், வழக்கு என்று சில வருஷங்கள் இழுத்தது. செங்கம் ரோட்டில் வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்குகிற விடுதி ஒன்றில் சமையலுக்குச் சேர்ந்தாள். அம்மா கேலி செய்த அதே ரசத்தை அங்கே கோப்பையில் ஊற்றிக் குடித்தார்களாம். இன்று அவளே சின்னதாக ஒரு மெஸ் நடத்துகிறாள். அரைக்கை ரவிக்கை போடுகிறாள். கையில் இருப்பதை யாராவது உற்றுப் பார்த்தால், அடுப்பில் பட்டது என்று சொல்வதில்லை, நடந்ததைச் சொல்லிவிடுகிறாள். அம்மாவும் அவளும் இப்போதும் மாதத்துக்கு ஒரு தடவையாவது சண்டை போட்டுக்கொள்கிறார்கள்.

அதெல்லாம் பிறகு நடந்தவை. அன்று பொழுது சாய்கிற நேரத்தில் பெரியப்பா ஊத்தங்கரையிலிருந்து திரும்பி நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். பயங்கரமாகத் திட்டப்போகிறார் என்று பயந்து அப்பா உள்ளேயே இருந்தார். வாசலில் நான் மட்டும் காரின் பக்கத்தில் நின்றிருந்தேன். அன்று அந்த வீட்டில் என்ன நடந்தது என்பதை அத்தையின் வழக்கு நடந்தபோதுதான் பெரியப்பா வாயைத் திறந்து சொன்னார். நாலு பெரிய மனிதர்கள் யாரும் வந்திருக்கவில்லை. மாப்பிள்ளை அறையை விட்டு வெளியே வரவில்லை. அவன் அம்மா மட்டும் வாசலில் நின்று, "சூடு வெச்சாத்தான் மாடு சொன்ன பேச்சு கேக்கும். உங்க வீட்டுல அடிச்சி வளக்கல, நாங்க வளத்துக்கிறோம், அனுப்பி விடுங்க" என்று சொன்னாளாம். அப்போதுதான் பெரியப்பாவுக்கு அந்த ரவிக்கையின் நினைவு வந்ததாம். அப்பா போனை அணைத்து வைத்துவிட்டதால், நாங்கள் வேறு வண்டி பிடித்து வந்துகொண்டிருக்கிறோமோ என்று ஓடிப்போய் பஸ் ஏறினாராம்.

எனக்கு இது எதுவும் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், பெரியப்பா வேட்டியை மடித்துக் கட்டக்கூட மறந்து வந்து காருக்கு முன்னால் நின்றார் என்பதுதான்.

"அத்தை எங்க?"

"உள்ள இருக்காங்க பெரியப்பா. வண்டி சூடாயிடுச்சு. திரும்பி வந்துட்டோம்."

அவர் குனிந்து பானட்டின் மேல் உள்ளங்கையை வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை. காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியில் வைத்திருப்பதைப் போல வைத்துக்கொண்டு நின்றார். அவர் தோள் குலுங்கியது. கை சுட்டுவிட்டது, அதனால்தான் அழுகிறார் என்று நினைத்து நான் தண்ணீர் எடுக்க உள்ளே ஓடினேன். நாங்கள் வந்து வெகுநேரமாகியிருந்தது. வண்டி எப்போதோ ஆறிப்போயிருந்தது.